மிங் சோ லீயும் அமெரிக்க மேடையும்

ஊர் விட்டு வந்து, கலையை நம்பி இன்னொரு நாட்டில் காலூன்ற முடியுமா என்று யாராவது கேட்டால் எனக்கு உடனே நினைவுக்கு வருபவர் மேடை வடிவமைப்பாளர் மிங் சோ லீ. 1930-இல் ஷாங்காயில் பிறந்தவர். சிறுவயதிலேயே சீன நிலக்காட்சி ஓவியத்தை ஆசிரியர் ஒருவரிடம் முறையாகக் கற்றார். உள்நாட்டுப் போரில் நகரம் கைமாறிய காலத்தில் ஹாங்காங் போய், அங்கிருந்து 1949-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் வந்து ஆக்ஸிடென்டல் கல்லூரியில் சேர்ந்தார். ஆங்கிலம் படுத்தி எடுத்தது. அதில் விட்ட மதிப்பெண்ணை ஓவிய வகுப்புகளில் பிடித்தார். அப்புறம் நாடகத்தின் பக்கம் மனம் போயிற்று.

1954-இல் நியூயார்க். ஜோ மீல்சினர் அப்போது அந்நகரின் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் பிராட்வேயின் பெரிய மேடை வடிவமைப்பாளர். லீ அவருக்கு உதவியாளராகச் சேர்ந்து சில ஆண்டுகள் அளவு பிசகாமல் வரைபடம் போட்டார், மாடல் செய்தார். மீல்சினரின் கைவண்ணம் சல்லாத் துணியில்தான் இருந்தது. துணிக்கு முன்னால் விளக்குப் போட்டால் தீட்டிய சுவர் தெரியும். பின்னால் போட்டால் சுவர் கரைந்து உள்ளே இருக்கும் அறை தெரியும். லீ இதை ஆழக் கற்றார். புது நாட்டுக்கு வந்தவுடன் தன் பாணியைக் காட்டத் துடிக்காமல் இன்னொருவரின் தொழிலை முழுசாகப் படித்த அந்தப் பொறுமைதான் அவரைத் தாங்கியது என்பேன்.

1962-இல் நாடகத் தயாரிப்பாளர் ஜோசப் பாப் நடத்திய நியூயார்க் ஷேக்ஸ்பியர் விழாவின் முதன்மை வடிவமைப்பாளரானார். சென்ட்ரல் பார்க்கில் டெலகோர்ட் என்ற திறந்தவெளி அரங்கம். அனுமதி இலவசம். கூரை கிடையாது, முன்திரையைத் தொங்கவிட வளைவும் கிடையாது. காற்று அடித்தால் துணி நிற்காது. பின்னால் நிஜ மரங்கள் நிற்கும்போது தீட்டிய மரம் பொய்யாகப் பல்லிளிக்கும். கற்ற வித்தை அங்கே செல்லுபடியாகவில்லை. சரி என்று துணியை விட்டுவிட்டு இரும்புக் குழாயையும் மரப்பலகையையும் எடுத்தார். 1964-இல் ‘எலெக்ட்ரா’ என்ற பழைய கிரேக்கத் துயர நாடகத்துக்குக் குழாய்ச் சாரம் கட்டி, கல்லில் செதுக்கியது போன்ற பெரிய பலகைகளை அதில் தொங்கவிட்டார். அரண்மனை மாதிரி எதையும் வரைந்து காட்டவில்லை. ஆனாலும் பார்ப்பவருக்கு அது பழைய, கனத்த, ரத்தம் பார்த்த இடமாகத் தெரிந்தது. அதற்குப் பின் பல ஆண்டுகளுக்கு அமெரிக்க மேடைகளில் குழாய்ச் சாரங்கள் முளைத்துக்கொண்டே இருந்தன.

பிராட்வே மட்டும் அவருக்கு எளிதில் வசப்படவில்லை. 1983-இல் ‘கே2’ வந்தது. மலையேறிகள் இருவர் பனிப்பாறை விளிம்பு ஒன்றில் சிக்கிக்கொள்ளும் நாடகம். லீ மேடையில் பனிச்சுவரையே எழுப்பினார், பெரும்பகுதி தெர்மாகோலால். நடிகர் பனிக்கோடரியைக் கொத்தி நிஜமாகவே அதில் ஏறவேண்டும். சுவரின் உச்சியும் தெரியாது, அடியும் தெரியாது. பிராட்வே நாடகங்களுக்குத் தரப்படும் டோனி விருது கிடைத்தது. அவர் சீனத்தை மறந்து முழு அமெரிக்கராகிவிட்டார் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சீனச் சுருள் ஓவியத்தில் மலை மேலே மேலே ஏறிக்கொண்டே போகும், மனிதன் ஒரு மூலையில் சின்னதாக நிற்பான். ‘கே2’வின் படங்களில் எனக்குத் தெரிவது அதுதான். 1993-இல் தைவானின் கிளவுட் கேட் நடனக் குழுவின் ‘நைன் சாங்ஸ்’ படைப்புக்கு, மேடையின் முன்பக்கத்தில் நிஜத் தண்ணீரில் தாமரைக் குளமே அமைத்தார்.

இத்தனைக்கும் நடுவே 1969 முதல் 2017 வரை யேல் பல்கலைக்கழகத்தில் மேடை வடிவமைப்பு சொல்லிக் கொடுத்தார். 2020-இல், 90 வயதில், மன்ஹாட்டனில் காலமானார். என்னை அதிகம் தொட்டது அவர் நடத்திவந்த ஆண்டுக் கண்காட்சி. படிப்பை முடித்த இளம் வடிவமைப்பாளர்களை, யேலில் மட்டுமல்ல, மற்ற கல்லூரிகளில் படித்தவர்களையும் நியூயார்க்குக்கு வரவழைத்து, அவர்களுடைய வரைபடங்களையும் மாடல்களையும் மேசைகளில் பரப்பி வைக்கச் சொல்வார். தொழிலில் இருக்கும் இயக்குநர்களும் வடிவமைப்பாளர்களும் வந்து பார்ப்பார்கள். லீயும் ஒவ்வொரு மேசையாக நின்று, ஒவ்வொரு பிள்ளையின் வேலையையும் பார்த்துக் கருத்துச் சொல்வார்.