பரிந்துரைக் கடிதம்: ஏற்காட்டுப் பள்ளி நாட்குறிப்பு

நவம்பர் 17, திங்கள்

கடைசி மணி அடித்ததும் பன்னிரண்டாம் வகுப்பு வணிகவியல் பிரிவு மாணவி ஒருத்தி ஆசிரியர் அறைக்கு வந்தாள். மலேசியாவில் விருந்தோம்பல் மேலாண்மைப் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கிறாளாம். உதவித்தொகைக்கு இரண்டு ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். கிள்ளானில் அத்தை வீடு இருப்பதால் தங்குவதற்குக் கவலையில்லை.

எட்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்து, ஒன்பதில் ஆங்கிலவழிக்கு மாறியவள். அன்றிலிருந்து அவளுக்கு ஆங்கிலப் பாடம் நான்தான். "எழுதுகிறேன் கண்ணு. சனிக்கிழமை உங்கள் வீட்டுக்கு வருகிறேன், அதற்குப் பிறகு எழுதுகிறேன்" என்றேன்.

நவம்பர் 18, செவ்வாய்

ஆசிரியர் அறையில் பேச்சு வேறு மாதிரி ஓடியது. "நன்றாகப் படிக்கிற பெண்பிள்ளை, ஹோட்டல் வேலைக்கா?" என்றார் ஒருவர். எனக்குச் சுருக்கென்றது. வெளியூரிலிருந்து வருகிறவர்களை நம்பி எத்தனை குடும்பங்கள் பிழைக்கும் ஊர் இது! அவர்களை வரவேற்று உபசரிப்பதைப் படிப்பாகப் படிப்பதில் என்ன குறைச்சல்? சென்னை தரமணியில் இருக்கும் ஹோட்டல் மேலாண்மைக் கல்வி நிலையம் 1963-இல் தொடங்கியது. இப்படிப்பட்ட கல்வி நிலையங்களுக்கான தேசியக் கவுன்சில் 1982 முதல், மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது. மூன்றாண்டுப் பட்டம், அதற்கு அகில இந்திய நுழைவுத் தேர்வு. இதையெல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டார், ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை.

நவம்பர் 22, சனி

மழை விட்டிருந்தது. பகோடா பாயிண்ட் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி வீடு. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி, கீழே காப்பிச் செடிகளில் பழம் சிவந்திருந்தது. நான்கு அறைகளை வாடகைக்கு விடுகிறார்கள். சமையல் அப்பா, மற்றதெல்லாம் அம்மா.

"மே மாதம் கோடை விழா சமயத்தில் இடமில்லை என்று சொல்லியே வாய் வலிக்கும், டீச்சர். மழைக்கால வாரநாட்களில் நான்கு அறையும் பூட்டியே கிடக்கும்" என்றார் அப்பா.

விற்காத துணியை நாளைக்கு விற்கலாம். இன்றிரவு காலியாகக் கிடந்த அறையை நாளைக்கு விற்க முடியாது. விருந்தோம்பல் மேலாண்மையில் வருவாய்ப் பாடம் முழுக்க இந்த ஒரு சிக்கலைச் சுற்றித்தான். அந்தப் பெண் அதைப் பாடமாகப் படிக்கும் முன்பே கையில் பிடித்திருக்கிறாள் என்பது அவளுடைய நீளக் கணக்கு நோட்டைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. தேதி, அறை எண், எந்த ஊரிலிருந்து வந்தவர்கள், எத்தனை பேருக்குச் சாப்பாடு, எத்தனை லிட்டர் பால், மிஞ்சியது எவ்வளவு. கடைசிக் கட்டத்தின் தலைப்பு 'குறை'. "மூன்றாம் அறை, வெந்நீர் தாமதம்." "பாட்டிக்குப் பின்வாசல் படி உயரம்." அதன் பக்கத்திலேயே வேறு மையில், "நடுவில் ஒரு படி கட்டியாயிற்று."

எழுந்து போய் அந்தப் படியைப் பார்த்தேன். சிமெண்ட் பூச்சில் கோழிக்கால் தடம் பதிந்திருந்தது.

நவம்பர் 23, ஞாயிறு

பள்ளிக் கோப்பில் மாதிரிக் கடிதம் ஒன்று இருக்கிறது. நல்லொழுக்கம், கடின உழைப்பு, நேரந்தவறாமை. பெயரை மட்டும் மாற்றினால் வகுப்பில் இருக்கும் எல்லோருக்கும் பொருந்தும். நாடு விட்டு நாடு உட்கார்ந்து விண்ணப்பம் படிப்பவருக்கு அதனால் என்ன தெரியும்? பார்த்ததை எழுத வேண்டும்.

நான் எழுதியது போன ஆண்டு விளையாட்டு விழாவில் நடந்தது. வெளியூர்ப் பள்ளி விருந்தினர் ஒருவர், சாப்பாடு வரவில்லை என்று ஆங்கிலத்தில் கடுகடுத்தார். சமையற்கூடத்திலோ அடுப்பு ஒன்று மக்கர் செய்து, அக்காக்கள் வியர்த்து விறுவிறுத்துக் கிடந்தார்கள். இவள் அவருடைய கோபத்தை உள்ளே கொண்டுபோகவில்லை. "அக்கா, அந்த ஐயா மாத்திரை போட வேண்டுமாம், அவருக்கு மட்டும் முதலில் இரண்டு இட்லி கொடுங்கள்" என்று தமிழில் கேட்டாள். வெளியே வந்து அவரிடம் ஆங்கிலத்தில், "இட்லி இப்போதே வருகிறது ஐயா, மற்றவை வர இன்னும் இருபது நிமிடமாகும்" என்றாள். 'இதோ, உடனே' என்று சொல்லி அவரை ஏமாற்றவில்லை. இரண்டு பக்கமும் முகம் கோணவில்லை. இரண்டு மொழி தெரிந்த பிள்ளைகள் எங்கள் பள்ளியில் நிறையப் பேர். இரண்டு மொழியிலும் எதிரில் இருப்பவரின் நிலையறிந்து பேசுகிறவள் இவள்.

'முன்னேற வேண்டியவை' என்று படிவத்தில் ஒரு கேள்வி. கணக்குப்பதிவியலில் அவள் மதிப்பெண் சுமார்தான், அதை மறைக்கவில்லை. உணவுச் செலவுக் கணக்கும் அறை வருவாயும் அந்தப் படிப்பின் முதுகெலும்பு, மறைத்தால் அங்கே போய் அவள்தான் திணறுவாள். அதோடு அந்த நீள நோட்டைப் பற்றியும் ஒரு பத்தி எழுதினேன். சொந்தக் கணக்கில் அவள் பிசகுவதில்லை, ஏட்டுக் கணக்குக்கு ஓராண்டு பயிற்சி போதும் என்பது என் உறுதியான எண்ணம்.

நவம்பர் 26, புதன்

பள்ளி மின்னஞ்சல் வழியாகக் கடிதத்தை அனுப்பியாயிற்று. இரண்டாவது கடிதத்தை வணிகவியல் ஆசிரியர் எழுதுகிறார். நோட்டை அவரிடம் காட்டும்படி அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

உதவித்தொகை கிடைக்காவிட்டால்? அவளையும் அம்மாவையும் உட்காரவைத்துப் பேசினேன். நம் நாட்டு நுழைவுத் தேர்வுக்குப் பரிந்துரைக் கடிதம் தேவையில்லை. ஆங்கிலம், எண்கணிதம், பொது அறிவு, பகுத்தறியும் திறன், சேவைத் துறை நாட்டம் ஆகியவற்றில்தான் கேள்விகள். அறிவிப்பு வந்ததும் அதற்கும் விண்ணப்பிப்பதாக ஒப்புக்கொண்டாள். எண்கணிதம் மட்டும் பயமாக இருக்கிறதாம். வியாழக்கிழமைதோறும் பள்ளி முடிந்து ஒரு மணி நேரம் சொல்லித்தருவதாகக் கணக்கு ஆசிரியர் தானாகவே முன்வந்தார்.