ஃபேனை நிறுத்துங்கள், அப்புறம் மைக் வாங்கலாம்

பிடித்த பாட்டைக் கிட்டாரில் வாசித்துக் கவர் வீடியோ எடுக்கக் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது "எந்த மைக் வாங்கலாம்?" என்பதைத்தான். படத்துக்குக் கையில் இருக்கிற ஃபோனே தாராளம். ஒலியைக் கெடுப்பது பெரும்பாலும் மைக் இல்லை, அறை.

பத்துக்குப் பத்து அறை, நாலு பக்கமும் வெறும் சுவர், கீழே டைல்ஸ். நடுவில் நின்று ஒரு முறை கை தட்டிப் பாருங்கள். தட்டலுக்குப் பின்னால் 'ட்ரிங்' என்று ஒன்று இழுத்தால், ஒவ்வொரு ஸ்ட்ரோக்குக்குப் பின்னாலும் அதே இழுவை பதிவாகும். பதிவான பிறகு அதை முழுசாகப் பிரித்தெடுப்பது நடக்காத காரியம். முட்டை அட்டை ஒட்டுவது வீண் வேலை. கீச்சென்ற ஒலிகளில் கொஞ்சத்தை மட்டும் அது குறைக்கும், தீப்பிடிக்கும் பயம் வேறு. கனமான ஜமக்காளத்தை இரண்டாக மடித்துக் கொடியில் போடுங்கள். சுவரில் ஒட்டாமல் ஒரு சாண் தள்ளித் தொங்கட்டும். இடம் முக்கியம்: வாசிப்பவரின் முதுகுக்குப் பின்னால். கார்டியாய்ட் என்கிற, ஒரு பக்கமாகக் கேட்கும் மைக் தனக்கு முன்னால் இருப்பதைத்தான் அதிகம் வாங்கும். முன்னால் இருப்பது நீங்களும் உங்களுக்குப் பின்னாலிருக்கும் சுவரும். கேமராவிலும் அதுதான் விழும் என்பதால் பார்க்கச் சகிக்கிற ஜமக்காளமாக எடுங்கள். மைக்கின் முதுகு ஜன்னலைப் பார்த்து இருந்தால் தெருச் சத்தமும் குறையும்.

ஃபேன் ஓடினால் காற்று மைக்கில் 'புஸ்'ஸென்று விழும். அது போதாதென்று, சுழலும் இறக்கையில் பட்டுத் திரும்பும் ஒலி லேசாக நடுங்கும். நீட்டி ஒலிக்கும் கார்டுகளில் இது நன்றாகவே கேட்கும். அதனால் டேக் ஓடும்போது நிறுத்திவிட்டு, இடைவேளையில் போட்டுக்கொள்ளுங்கள். மே மாதச் சென்னையில் இது சித்திரவதைதான், வேறு வழியில்லை. அறையின் சூடு ஏறி இறங்கினால் ஸ்ருதியும் நகரும், ஒவ்வொரு டேக்குக்கு முன்னாலும் ட்யூனரைப் பார்த்துவிடுங்கள்.

அக்கூஸ்டிக் கிட்டாருக்கு மைக் வைக்கும் இடம் பன்னிரண்டாவது ஃப்ரெட். அதற்கு நேரே 20 முதல் 30 செ.மீ. தள்ளி வைத்து, மைக்கின் முகத்தைக் கழுத்தும் உடலும் சேரும் பக்கமாகக் கொஞ்சம் திருப்புங்கள். சவுண்ட் ஹோலுக்கு நேரே வைக்கத்தான் எல்லோருக்கும் கை போகும். பெட்டிக்குள் இருக்கும் காற்று 100 ஹெர்ட்ஸை ஒட்டி அதிர்வதால், அங்கே வைத்தால் 'பும் பும்' என்று அடைத்துக்கொண்டு கேட்கும். வைத்த பிறகும் அதையே சாசனமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஹெட்ஃபோனைப் போட்டுக்கொண்டு, இன்னொருவரை மைக்கை நாலு விரல் இப்படியும் அப்படியும் நகர்த்தச் சொல்லுங்கள். வித்தியாசம் காதிலேயே தெரியும்.

மைக்கே இல்லையா? இரண்டாவது ஃபோன் ஒன்றை அதே இடத்தில் ஸ்டாண்டில் வைத்து, வேவ் ஃபைலாகப் பதிவு செய்யும் ஆப்பில் ஓடவிடுங்கள். படம் எடுக்கும் ஃபோன் இரண்டு மீட்டர் தள்ளி நின்று அறை முழுவதையும் கேட்கும், பக்கத்தில் இருப்பது கிட்டாரைக் கேட்கும். ஆப்பில் ஆட்டோ கெயினை (பதிவாகும் சத்தத்தின் அளவைத் தானாக ஏற்றி இறக்கும் வசதியை) அணைக்க வழி இருந்தால் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மெதுவான ஆர்ப்பெஜியோவை உயர்த்தி, ஓங்கி அடிக்கும் இடத்தை நசுக்கி, பாட்டின் ஏற்ற இறக்கத்தையே தட்டையாக்கிவிடும்.

மலிவாகக் கிடைக்கும் பிஎம்-800 ரக மைக்கை வாங்கி லேப்டாப்பின் 3.5 மி.மீ. துளையில் செருகிவிட்டு, "சத்தமே வரவில்லை, இரைச்சல்தான் வருகிறது" என்பவர்கள் நிறைய. இது கன்டென்சர் ரகம், அதற்கு 48 வோல்ட் ஃபேன்டம் பவர் (மைக் கேபிள் வழியாகவே போகும் மின்சாரம்) வேண்டும். அந்தத் துளை கொடுப்பது சில வோல்ட்தான். அந்த மின்சாரத்தைக் கொடுத்து மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று வாங்கினால் இந்தப் பிரச்சினை தீரும். பட்ஜெட் இருந்தால் விலையுயர்ந்த மைக்கைவிட அதற்குச் செலவழிப்பது மேல். பிக்கப் உள்ள கிட்டாரை நேராக இன்டர்ஃபேஸில் செருகும்போது அதிலுள்ள 'இன்ஸ்ட்ருமென்ட்' பட்டனை அழுத்த மறந்தால் ஒலி மெலிந்து தகரமாகக் கேட்கும். 'ம்ம்ம்' என்று உறுமல் வந்தால் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். அதில் நின்றுபோனால் பேட்டரியிலேயே பதிவு செய்யுங்கள்.

பதிவு 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். பாட்டிலேயே ஓங்கி அடிக்கும் இடத்தை வாசித்து, மீட்டர் மைனஸ் 10 டெசிபலைத் தாண்டாதபடி கெயின் வையுங்கள். கரோக்கி ட்ராக் வயர் உள்ள ஹெட்ஃபோனில் மட்டும் ஓடட்டும். ப்ளூடூத் வேண்டாம், தாமதத்தில் தாளம் போய்விடும்.

பழைய கேசட்டிலிருந்து எடுத்த ட்ராக் என்றால் இன்னொரு தொல்லை. டேப் ஓடிய வேகம் கொஞ்சம் மாறியிருந்தாலும் ஸ்ருதி சரியாக 440 ஹெர்ட்ஸில் (ட்யூனரின் வழக்கமான அளவில்) நிற்காது. கேப்போவை எந்த ஃப்ரெட்டில் போட்டாலும் ஒட்டாது, இரண்டு ஃப்ரெட்டுக்கு நடுவில் எங்கேயோ நிற்கும். ட்ராக் 25 சென்ட் (ஒரு ஃப்ரெட் என்பது 100 சென்ட்) மேலே இருந்தால் ட்யூனரில் 440-ஐ 446 ஆக்கி கிட்டாரை அதற்கு ஏற்றுங்கள். இல்லையேல் ரீப்பர், ஆடாசிட்டி மாதிரி மென்பொருளில் ட்ராக்கை 25 சென்ட் இறக்குங்கள். பலர் கலந்து வாசிக்கும் வீடியோ என்றால் இரண்டாவது வழிதான் சரி.

படத்துக்கு வருவோம். நம் ஊர் கரன்ட் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்இடி பல்புகள் விநாடிக்கு 100 முறை துடிக்கும். 30 ஃப்ரேம், 1/60 ஷட்டர் வைத்தால் படத்தில் பட்டை பட்டையாக ஓடுவது அதனால்தான். 25 ஃப்ரேம், 1/50 ஷட்டர் என்று வைத்தால் நின்றுவிடும். ஃபோகஸையும் எக்ஸ்போஷரையும் பூட்டிவிடுங்கள். ஓபன் கேமரா மாதிரி இலவச ஆப்களில் இதற்கு வசதி உண்டு. ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் வரட்டும். வெளிச்சம் மிகுந்து ஃபோன் தானாக 1/1000 ஷட்டருக்குத் தாவினால் கம்பிகள் பாம்பாய் நெளிவது தெரியும். சிலருக்கு அது அழகு, எனக்கு எரிச்சல். செல்ஃபி கேமரா வேண்டாம். சில ஃபோன்கள் கண்ணாடி பிம்பமாகவே சேமிக்கும், வலக்கைக்காரர் இடக்கைக்காரராகிவிடுவார். ஏரோப்ளேன் மோடையும் மறக்க வேண்டாம்.

ஒலியையும் படத்தையும் சேர்க்க, ஆரம்பத்தில் ஒரு கைதட்டல், வாசித்து முடித்ததும் ஒன்று. எடிட்டரில் இரண்டு அலைவடிவங்களின் கூர்முனைகளையும் ஒன்றன் கீழ் ஒன்றாக நிறுத்துங்கள். முதல் தட்டல் பொருந்தி கடைசித் தட்டல் விலகினால், ஃபோன் ஃப்ரேம் வேகத்தை அவ்வப்போது மாற்றியிருக்கலாம். எடிட் செய்வதற்கு முன் ஹேண்ட்பிரேக் என்கிற வீடியோ மாற்றும் மென்பொருளில் 'கான்ஸ்டன்ட் ஃப்ரேம்ரேட்' தேர்ந்தெடுத்து மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். 25 ஃப்ரேமில் ஒரு ஃப்ரேம் 40 மில்லிசெகண்ட். இரண்டு ஃப்ரேம் விலகினாலே ஸ்ட்ரம் அடிக்கும் கை பொய் சொல்வது தெரிந்துவிடும்.

மிக்ஸிங்கில் அதிகம் துழாவ வேண்டாம். தடித்த ஈ கம்பி 82 ஹெர்ட்ஸ், ஆகவே 70, 75-க்குக் கீழே வெட்டுங்கள். 200-ஐ ஒட்டி அடைப்பு இருந்தால் 2, 3 டெசிபல் இறக்குங்கள். கிட்டார் மேலே வரவில்லையென்றால் அதன் வால்யூமைத் தூக்குவதற்கு முன், கரோக்கி ட்ராக்கில் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரை 2 டெசிபல் குறைத்துப் பாருங்கள். யூட்யூப் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ்ஸுக்கு (காதுக்குக் கேட்கும் சராசரி சத்தத்தின் அளவு) மேல் போனதை இறக்கிவிடும். சத்தத்துக்காக லிமிட்டரில் (உச்சங்களை அமுக்கும் கருவியில்) பிழிந்தால் துடிப்புதான் போகும்.

ஏற்றியதும் கன்டென்ட் ஐடி (பதிப்புரிமையுள்ள பாட்டைத் தானாகக் கண்டுபிடிக்கும் யூட்யூப் ஏற்பாடு) க்ளெய்ம் வந்தால் பதற வேண்டாம். அது சேனலுக்கு எதிராகப் பதிவாகும் ஸ்ட்ரைக் அல்ல. பெரும்பாலும் விளம்பர வருமானம் உரிமையாளருக்குப் போகும், வீடியோ அங்கேயே இருக்கும். இசைத்தட்டின் ஒலியையே பின்னணியாக வைத்தால் க்ளெய்ம் கிட்டத்தட்ட நிச்சயம். எல்லாவற்றையும் நீங்களே வாசித்தாலும் மெட்டுக்கு வரலாம். விவரத்தில் 'பதிப்புரிமையை மீறும் நோக்கமில்லை' என்று எழுதுவதால் இதில் எதுவும் மாறப்போவதில்லை.