கோளாறு பொடியில் தீராது: இன்சுலின் ஏறிய குதிரைக்குத் தீவனம் அமைத்த விதம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரப் பக்கம் ஒரு குதிரைக்கு இன்சுலின் கோளாறு என்று தெரிந்ததும், பெரும்பாலும் முதலில் வாங்குவது ‘இன்சுலினைக் குறைக்கும்’ என்று டப்பாவில் எழுதிய பொடியைத்தான். அது கடைசியாக யோசிக்க வேண்டியது. 450 கிலோ குதிரைக்கு நாங்கள் போன வரிசை இது.

முதலில் ரத்தம். இன்சுலினோடு, குஷிங்ஸ் (மூளையடிச் சுரப்பிக் கோளாறு) இருக்கிறதா என்று பார்க்க, அந்தச் சுரப்பி விடும் ஏசிடிஎச் ஹார்மோனின் அளவும் எடுக்க வேண்டும். இரண்டு கோளாறும் ஒரே குதிரைக்கு வரலாம். நமக்குக் கோடை முடிந்து இலையுதிர் காலம் வரும் பருவம் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. அப்போது நல்ல குதிரைக்கே ஏசிடிஎச் ஏறும். வட அரைக்கோள நாடுகளின் அட்டவணையை மாதம் மாற்றாமல் பார்த்தால் தப்பான முடிவுதான் வரும்.

அடுத்தது கிகுயு புல்லில் மேயவிடுவதை நிறுத்துவது, புல்லின் சர்க்கரைதான் இன்சுலினை ஏற்றுகிறது. கூடவே பட்டினி போடக் கூடாது, போனி என்ற குட்டைக் குதிரை வகைக்கு அறவே கூடாது. உடல் கொழுப்பு ரத்தத்தில் கலந்து உயிருக்கே ஆபத்தாகும். எடை குறைய நாளுக்கு உடல் எடையில் 1.5 சதவீதம், அதாவது ஏறக்குறைய 7 கிலோ எராக்ரோஸ்டிஸ் வகைக் காய்ந்த புல். தொங்கு தராசில், நனைப்பதற்கு முன் நிறுக்க வேண்டும். நனைந்த பின் நிறுத்தால் தண்ணீரைத்தான் நிறுக்கிறோம்.

காய்ந்த புல்லில் உள்ள சர்க்கரை கரைய, அதை 30 முதல் 60 நிமிடம் பச்சைத் தண்ணீரில் முக்கினால் போதும். இரவு முழுக்க ஊறவிட்டால் நம் கோடை வெக்கையில் புளித்து நாறும். ஊறின தண்ணீரைக் குதிரை குடிக்காத இடத்தில் கொட்டுங்கள்.

அந்தத் தண்ணீரோடு சர்க்கரை மட்டுமா போகிறது? தாது உப்புகளும் போகின்றன. சத்துப்பொடிக்கு உண்மையான வேலை இங்கேதான். இந்த எடைக்கு நாளுக்குக் குறைந்தது துத்தநாகம் 360 மில்லிகிராம், செம்பு 90 மில்லிகிராம் தேவை. கலவை சொந்தமாகச் செய்பவர்கள் வழுக்குவது கணக்கில்: 1 கிராம் காப்பர் சல்பேட்டில் செம்பு கால் கிராம்தான். காய்ந்த புல்லில் வைட்டமின் ஈ அநேகமாக இருக்காது. 1000 யூனிட், கொஞ்சம் எண்ணெயோடு. இரும்பு சேர்த்த பொடி வேண்டாம், புல்லிலேயே தாராளம். செலினியம் இரண்டு டப்பாவில் இருந்தால் ஒன்றை நிறுத்துங்கள். மிஞ்சினால் பிடரி மயிர் கொட்டும், குளம்பு வெடிக்கும்.

பொடியை வெறும் வாளியில் போட்டால் அடியில் தங்கிவிடும். ஒரு கைப்பிடி நறுக்கிய லூசர்னை (நம் ஊர்க் குதிரைமசால்தான்) ஈரமாக்கிப் பிசைந்து கொடுத்தால் ஒட்டும். மொலாசஸ் (கரும்புச் சர்க்கரைக் கழிவுப் பாகு) ஊற்றி ருசி காட்டினால் செய்த வேலையெல்லாம் வீண்.

‘இன்சுலின் பொடி’? குளம்பழற்சி கண்ட பருத்த குதிரைகளுக்குக் குரோமியமும் மெக்னீசியமும் 16 வாரம் கொடுத்துப் பார்த்து 2011இல் வெளியிட்டார்கள், இன்சுலின் இறங்கவில்லை. நொச்சிக்கு உறவான சேஸ்ட்பெரியும் குஷிங்ஸுக்குப் பெர்கோலைடு மாத்திரையின் இடத்தைப் பிடிக்காது.

அந்த மாத்திரை இந்த எடைக்கு நாளுக்குச் சுமார் 1 மில்லிகிராமில் தொடங்கும். முதல் வாரங்களில் குதிரை வாளியை முகர்ந்துவிட்டு விலகினால், பொடியின் வாடை பிடிக்கவில்லை என்று பொடியை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். பசியைக் கெடுப்பது பல சமயம் மாத்திரைதான். மருத்துவரிடம் சொல்லி அளவைப் பாதியாக்கி, சில நாளில் மெல்ல ஏற்றினால் வாளி காலியாகும்.