ஏசிஎல் ஆபரேஷனும் அதற்கப்புறமான வருடங்களும்

ஷட்டில் ஆடும்போது குதித்து இறங்கிய கால் திருகியது, முட்டிக்குள் 'டப்'பென்று சத்தம், சாயங்காலத்துக்குள் வீக்கம். ஏசிஎல், அதாவது முட்டிக்குள் எலும்புகளைப் பிணைக்கும் ஒரு ஜவ்வு, அறுந்தவர்கள் பலரும் சொல்லும் கதைதான், விட்டுவிடுகிறேன்.

பின்தொடையிலிருந்து தசைநாண் எடுத்துப் புது ஜவ்வாகப் பொருத்தினார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் பிசியோ விரல் வைத்துக் காட்டியது அந்த ஜவ்வைப் பற்றிய வரியை அல்ல. முட்டி எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் மெனிஸ்கஸும் உள்பக்கத்தில் கிழிந்திருந்தது, ஒரு பகுதியை வெட்டி எடுத்தாயிற்று என்ற வரியை. "பிற்காலத்துல இந்த முட்டி எப்படி இருக்கும்ங்கிறதுல இதுக்குப் பெரிய பங்கு உண்டு" என்றார்.

மெனிஸ்கஸ்தான் உடல் எடையை முட்டிக்குள் பரப்பித் தாங்குகிறது. அது குறைந்தால் குருத்தெலும்பு சீக்கிரம் தேயும். 2009-ல் வெளிவந்த ஒரு மறுஆய்வின்படி, பத்து வருடங்களுக்கு மேல் கழித்துப் பார்த்தபோது, ஏசிஎல் மட்டும் அறுந்தவர்களில் 0 முதல் 13 சதவீதம் பேருக்குத் தேய்மானம் இருந்தது. மெனிஸ்கஸும் சேர்ந்து அடிபட்டவர்களில் அது 21 முதல் 48 சதவீதம். ஆனால் எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரிந்தால் வலியும் இருந்தே ஆகும் என்றில்லை. ஆபரேஷன் செய்துவிட்டதாலேயே தேய்மானம் வராது என்றும் இல்லை. இதைத்தான் முன்கூட்டியே யாரும் தெளிவாகச் சொல்வதில்லை.

முதல் சில வாரங்கள் முட்டியை முழுதாக நீட்டுவதிலேயே போயின. குதிகாலுக்கு அடியில் சுருட்டிய துண்டு, முட்டியின் பின்பக்கம் படுக்கையைத் தொடும்வரை அழுத்த வேண்டும். 'தொடையை இறுக்கு' என்று மூளை சொல்கிறது, முன்தொடைத் தசை அசையவே மாட்டேன் என்கிறது. தசைமேல் கை வைத்துக்கொண்டு ஒரு துடிப்புக்காகக் காத்திருப்பேன்.

அப்புறம் வருவதுதான் ஆபத்தான கட்டம். ஐந்தாறு மாதத்தில் வலி போய்விட்டது, படியும் ஏறியாயிற்று, ஆடலாம் என்று தோன்றும். ஆனால் வைத்த ஜவ்வு முதிர ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். 2016-ல் வெளியான நார்வே ஆய்வு ஒன்றில், ஒன்பது மாதம் வரை, ஆட்டத்துக்குத் திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் மறுபடி அடிபடும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. 25 வயதுக்குள் இருந்து மீண்டும் விளையாடப் போகிறவர்களில் கிட்டத்தட்ட நான்கில் ஒருவருக்கு இன்னொரு முறை அறுகிறது. அதுவும் ஆபரேஷன் செய்த காலில்தான் என்றில்லை, நல்ல காலிலும்!

திரும்புவதற்கு முன் தரையில் டேப் ஒட்டி ஒற்றைக்காலில் தாண்டச் சொன்னார்கள். நல்ல கால் தாண்டும் தூரத்தில் 90 சதவீதமாவது வேண்டும். எட்டிவிட்டேன், பிசியோ மசியவில்லை. இத்தனை மாதம் சும்மா இருந்ததில் நல்ல காலும் பலம் இழந்திருக்கும், அதை அளவுகோலாக வைத்தால் ஏமாந்துபோவோம் என்றார். சரியான பேச்சு.

இப்போது இரட்டையர் மட்டும் ஆடுகிறேன். முட்டிக்குக் கீழே ஒரு திட்டு இன்னும் மரத்தே இருக்கிறது, தொந்தரவில்லை. தொடைப் பயிற்சியை விடவில்லை, எடையையும் ஏறவிடுவதில்லை.

இதே ஆபரேஷனுக்குத் தயாராகும் ஒரு தம்பி போன வாரம் கேட்டான். மெனிஸ்கஸ் கிழிந்திருந்தால் வெட்டாமல் தைக்க முடியுமா என்று டாக்டரிடம் முதலில் கேள் என்றேன். தைத்தால் ஊன்றுகோல் கூடுதல் வாரங்கள் இருக்கலாம் என்றதும் முகம் சுளித்தான். இருக்கட்டும், கேட்டுவிடு என்றேன்.