குறுங்குடி நம்பியும் ஒதுங்கி நின்ற கொடிமரமும்

கார்த்திகையில் வரும் கைசிக ஏகாதசிக்கு, நம்பி என்ற பெயரில் பெருமாள் இருக்கும் திருக்குறுங்குடிக்குப் போகவேண்டும் என்பது அம்மாவின் பல வருஷத்து ஆசை. அண்ணனுக்கு ஆபரேஷன் நடந்தபோது அது வேண்டுதலாகவே ஆகிவிட்டது, அவன் எழுந்து நடமாட ஆரம்பித்ததும் இனித் தள்ளிப்போடக் கூடாது என்று இந்தக் கார்த்திகையில் கிளம்பிவிட்டோம்.

நாங்குநேரி, ஏர்வாடி வழியாகப் பஸ், கால் வைக்க இடமில்லை. கோயில் பக்கம் போனால் "சீக்கிரம் சேவை பண்ணி வைக்கிறேன், பார்த்துக் கொடுங்க" என்று ஒருவர் பின்னாலேயே வருகிறார். ஏகாதசிப் பட்டினியோடு வந்திருக்கும் வயசானவர்களிடமுமா? அம்மா அவரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

வரிசையில் முன்னால் நின்ற பெரியவர் எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் எல்லாம் விசாரித்துவிட்டு மெதுவாக, "நீங்க என்ன ஆளுக?" என்றார். வந்திருப்பது நம்பாடுவான் என்கிற பக்தருக்கான நாள், கேட்கிற கேள்வி இது! அம்மா சிரித்துக்கொண்டே "களக்காட்டுப் பக்கம்யா" என்றாள். "அது இல்லம்மா..." என்று அவர் இழுப்பதற்குள் வரிசை நகர்ந்தது, பிழைத்தோம்.

வராக புராணத்தில் பெருமாளே பூமிப் பிராட்டிக்குச் சொன்ன கதை ஆயிற்றே நம்பாடுவான் கதை. பாணர் குலத்தில் பிறந்ததால் வெளியே நின்றே பாடிப் போனவர் நம்பாடுவான். அவரைத் தின்னப் பிடித்த பிரம்மராட்சசனோ போன பிறவியில் சோமசர்மா என்கிற பிராமணன், யாகத்தில் பிசகி, அந்தத் தோஷத்தோடே செத்தவன். பாடிவிட்டு வருகிறேன் என்று 18 சத்தியம் செய்துவிட்டுப் போனவர், கிழவராக வந்து "ஓடிப்போய்ப் பிழைத்துக்கொள்" என்று பெருமாளே சொல்லிப் பார்த்தும் கேட்காமல், சொன்னபடி தன்னைத் தின்னக் கொடுக்கத் திரும்பி வந்து நின்றார். கடைசியில் கைசிகப் பண்ணில் அவர் பாடிய பாட்டின் பலனை வாங்கித்தான் ராட்சசனுக்கே விமோசனம். யார் யாரைக் கரையேற்றினார் என்று புராணமே இவ்வளவு பச்சையாகச் சொல்லியிருக்கிறது, நாம் இன்னும் ஆளுக கேட்டுக்கொண்டிருக்கிறோம். அப்படிப்பட்டவரையும் வெளியேதானே நிறுத்தி வைத்திருந்தோம் என்பது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

கொடிமரம் அங்கே சந்நிதிக்கு நேராக இருக்காது, ஒதுங்கி நிற்கும். நம்பாடுவானுக்கு மறைக்கிறதென்று நம்பியே விலகச் சொன்னாராம். அம்மா அந்த இடத்தில் அப்படியே நின்றுவிட்டாள். பின்னாலிருந்து தள்ளுகிறார்கள், ஒருவர் அதட்டுகிறார், அவள் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டு உள்ளே பார்க்கிறாள், உதடு மட்டும் அசைகிறது. "தெரியுதாம்மா?" என்றேன். "தெரியாம என்ன, அதுக்குத்தான நவுந்து நிக்கு" என்றாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உள்ளே போய் நின்ற நம்பியை நான் என்ன சேவித்தேன், எத்தனை விளக்கு, என்ன அலங்காரம், ஒன்றும் நினைவில்லை. அண்ணனுக்காக நன்றி சொல்லவேண்டும் என்று வழியெல்லாம் யோசித்து வைத்ததும் வாயில் வரவில்லை, நம்பி நம்பி என்றுதான் வந்தது.

ராத்திரி நம்பாடுவான் கதையை நடிக்கும் கைசிக நாடகம். நின்றுபோயிருந்ததை 1999-ல் மீட்டுக் கொண்டுவந்தார்களே, அந்தப் புண்ணியவான்கள் நன்றாக இருக்கவேண்டும். பட்டினி கிடந்த அம்மா கண் கொட்டாமல் பார்த்தாள், டிபன் சாப்பிட்ட நான் தூணில் சாய்ந்து தூங்கிவிட்டேன். அடுத்த கார்த்திகைக்கு அண்ணனையும் கூட்டிக்கொண்டு வருகிறேன் நம்பி, முழு ராத்திரியும் விழித்திருக்கிற தெம்பை எனக்கும் கொஞ்சம் கொடு.