‘பரவாயில்லை’ என்று சொல்லாமல் இருக்கப் பழகிய எட்டு வாரங்கள்

எனக்கு இருப்பது ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், முடக்குவாதம். நியூ ஜெர்சியில் பதினான்கு வருடம் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை பார்த்தேன். 2020 செப்டம்பரில் வேலையை விட்டபோது வயது 44. அடுத்த வருடம் பிப்ரவரியில், அமெரிக்க அரசின் சமூகப் பாதுகாப்புத் துறையான சோஷியல் செக்யூரிட்டியில் எஸ்எஸ்டிஐ என்கிற இயலாமைக் காப்பீட்டுக்கு விண்ணப்பித்தேன். மறுத்தார்கள். அறுபது நாளுக்குள் மறுபரிசீலனை கேட்டேன். அதையும் மறுத்தார்கள். மறுபடியும் அறுபது நாள் கெடு, இந்த முறை நீதிபதி விசாரணை கேட்டு மனு. 2023 மார்ச்சில் நீதிபதி முன்னால் போய் உட்கார்ந்தேன். அந்த ஒரு மணி நேரத்துக்கு எப்படித் தயாரானேன் என்று கேட்டு இரண்டு மூன்று பேர் போன் செய்துவிட்டார்கள். அதனால் முழுசாக எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். “அரசாங்கத்துகிட்ட போய் கை நீட்டணுமா?” என்று எங்கள் வீட்டிலேயே ஒரு பெரியவர் கேட்டார். அந்தக் கேள்வியால் ஐந்தாறு மாதம் விண்ணப்பிக்காமலே இருந்தேன். இது தர்மம் இல்லை. ஒவ்வொரு சம்பளத்திலும் 6.2 சதவீதம் சோஷியல் செக்யூரிட்டிக்குப் பிடித்தார்கள், அதே அளவு கம்பெனியும் கட்டியது. நான் பணம் கட்டி வைத்திருந்த காப்பீடு அது. அதற்கு ஆயுளும் உண்டு. வேலை செய்து சம்பாதிப்பதற்குக் கிடைக்கும் புள்ளிகளை கிரெடிட் என்பார்கள். 44 வயதில் வேலையை விட்ட எனக்கு 22 கிரெடிட் வேண்டும், அதில் 20 கடைசிப் பத்து வருடத்தில் சம்பாதித்ததாக இருக்க வேண்டும். வருடத்துக்கு அதிகபட்சம் நான்குதான் கிடைக்கும். வேலையை விட்டு ஏறக்குறைய ஐந்து வருடம் ஆனால் காப்பீடு காலாவதியாகிவிடும். ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று தள்ளிப்போடுகிறவர்களை நினைத்தால் எனக்குப் பதறுகிறது.

விசாரணை கேட்டு மனு போட்ட பிறகுதான் வக்கீல் வைத்தேன். முன்பணம் கிடையாது. ஜெயித்தால் நிலுவைத் தொகையில் 25 சதவீதம், அதற்கும் ஓர் உச்சவரம்பு. அப்போது அது 7,200 டாலர், 2024 நவம்பர் கடைசியில் 9,200 ஆக உயர்த்தினார்கள். வக்கீல் முதல் நாளே என் கோப்பைத் திறந்து இரண்டு பக்கங்களைக் காட்டினார்.

ஒன்று, நான் நிரப்பிக் கொடுத்த அன்றாடச் செயல்பாட்டுப் படிவம். ‘சமைப்பீர்களா?’ என்ற கேள்விக்கு ‘ஆம், தினமும்’ என்று எழுதியிருக்கிறேன். பொய் இல்லை. ஆனால் குக்கர் மூடியைத் திறப்பது என் கணவர். காய் நறுக்குவது மகள். மாவு கடையில் வாங்கியது, தேங்காய் ஃப்ரீசரில் இருந்து எடுத்தது. நான் செய்வது உப்புப் பார்ப்பதும் அடுப்பை அணைப்பதும்தான். அதை நான் சமையல் என்று நினைத்திருக்கிறேன், அப்படியே எழுதியும் விட்டேன்.

இன்னொன்று, டாக்டரின் குறிப்புகள். மூன்று வருடக் குறிப்புகளில் திரும்பத் திரும்ப ஒரே வரி: நன்றாக இருப்பதாக நோயாளி சொல்கிறார். “எப்படி இருக்கீங்க?” என்று அவர் கேட்பார், நான் “குட்” என்பேன். அவர் அதை எழுதிக்கொள்வார். ஊரிலிருந்து அம்மா போனில் “கை எப்படிம்மா இருக்கு?” என்று கேட்டாலும் “பரவாயில்லம்மா” என்றுதான் சொல்வேன். யார் கேட்டாலும் அப்படிச் சொல்லித்தான் வளர்ந்தோம். அந்த ஒரு சொல் என் கோப்பு முழுக்க இங்கிலீஷில் உட்கார்ந்திருந்தது.

வக்கீல் சொன்னதை அப்படியே சொல்கிறேன். “வலிக்குதுன்னு சொல்லாதீங்க, அழாதீங்க, பெரிசுபடுத்தாதீங்க. அளந்து சொல்லுங்க.” நோயின் பேரைக் கேட்டு நீதிபதி முடிவு செய்வதில்லை. எட்டு மணி நேர வேலை நாளில் எத்தனை மணி உட்கார முடியும், எத்தனை பவுண்டு தூக்க முடியும், கையை எவ்வளவு நேரம் பயன்படுத்த முடியும், மாதத்தில் எத்தனை நாள் வர முடியாது என்பதுதான் அவருக்குத் தேவை.

அடுத்த நாள் அடுப்படியில் இருந்த முட்டை வடிவ டைமரை எடுத்து லேப்டாப் பக்கத்தில் வைத்தேன். டைப் செய்ய ஆரம்பித்தேன். பன்னிரண்டாவது நிமிடத்தில் வலது ஆள்காட்டி விரல் கீயின் மேல் அப்படியே நின்றுவிட்டது. எடுக்கச் சொன்னாலும் எடுக்கவில்லை. வெந்நீரில் கையை வைத்து மறுபடி உட்கார நாற்பது நிமிடம் ஆனது. இரண்டாவது முறை எட்டு நிமிடம்தான். மூன்றாவது முறை உட்காரவில்லை. பதினான்கு வருடம் அந்த விரல்களால்தான் சம்பாதித்தேன். அந்த எண்களை நோட்டில் எழுதியபோதுதான் நான் எங்கே நிற்கிறேன் என்பது எனக்கே தெரிந்தது.

எட்டு வாரம் அந்த நோட்டை எழுதினேன். காலையில் விரல் மடங்க எத்தனை மணி ஆனது, எந்தப் பொருள் கையிலிருந்து விழுந்தது, சட்டைப் பொத்தான் யார் போட்டுவிட்டார்கள். சனிக்கிழமை ராத்திரி மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை, ஞாயிறு முழுவதும் குமட்டலும் அசதியும். முதல் வாரம் இங்கிலீஷில் எழுதிப் பார்த்தேன், எல்லாம் ‘பெயின்’ என்றே வந்தது. தமிழில் எழுதியதும்தான் பிரிந்தது. மணிக்கட்டில் இருப்பது குடைச்சல். விரல் கணுவில் விண்விண்ணென்று தெறிக்கும். காலையில் இருப்பது வலியே இல்லை, விறைப்பு. மாலையில் கடுப்பு. ஒவ்வொன்றும் எப்போது வருகிறது, எது கையை நிறுத்துகிறது என்று தெரிந்த பிறகு அதை இங்கிலீஷில் சொல்வது சுலபமாகிவிட்டது. இங்கிலீஷ் வராதவர்களுக்கு சோஷியல் செக்யூரிட்டியே இலவசமாக மொழிபெயர்ப்பாளர் ஏற்பாடு செய்யும், முன்கூட்டியே கேட்க வேண்டும். அது தெரியாமல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள்.

நோட்டை டாக்டரிடம் காட்டினேன். “இதையெல்லாம் ஏன் முன்னாடியே சொல்லலை?” என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. அன்றைக்கு அவர் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்து, முழுசாகக் குறித்துக்கொண்டார். வக்கீல் கொடுத்த படிவத்தையும் நிரப்பினார்: கைகளைப் பயன்படுத்துவது நாளில் மூன்றில் ஒரு பங்குக்குள், மாதம் மூன்று நாளாவது வேலைக்கு வர முடியாது. விசாரணைத் தேதி 75 நாளுக்கு முன்பே கடிதத்தில் வந்துவிடும். ஆதாரங்களை விசாரணைக்கு ஐந்து வேலை நாள் முன்னதாகவே கொடுத்திருக்க வேண்டும், அல்லது இன்ன ஆதாரம் வர இருக்கிறது என்று எழுதித் தெரிவித்திருக்க வேண்டும். எங்களுக்கு ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து எக்ஸ்ரே அறிக்கை வரத் தாமதமானது. வக்கீல் முன்பே எழுதி வைத்திருந்ததால் தப்பித்தோம்.

போனிலோ வீடியோவிலோ விசாரணையை முடித்துக்கொள்ளலாம் என்றார்கள். நான் நேரில் வருகிறேன் என்று சொன்னேன். சின்ன அறை. நீதிபதி கொஞ்சம் உயரமான மேஜையில். எல்லாம் ஒலிப்பதிவாகிறது. சினிமாவில் பார்ப்பது போல எதிர்த்தரப்பு வக்கீல் என்று யாரும் கிடையாது, இதைத் தெரிந்துகொண்டாலே பாதி பயம் போய்விடும். எந்த நிலையில் இருப்பவர் எந்த வேலையைச் செய்ய முடியும் என்று சொல்லும் தொழில் நிபுணர் ஒருவர் மட்டும் போனில் இருந்தார்.

உண்மை சொல்வதாக உறுதிமொழி எடுத்ததும் நீதிபதி நேராக அந்தப் படிவத்துக்குத்தான் வந்தார். “தினமும் சமைப்பதாக எழுதியிருக்கிறீர்களே?” குக்கரையும் ஃப்ரீசர் தேங்காயையும் சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். அடுத்து, 2022 ஜனவரியில் இந்தியா போனது எப்படி என்று கேட்டார். அப்பாவின் திதிக்குப் போனேன், விமான நிலையத்தில் வீல்சேர், போய் இறங்கி நான்கு நாள் படுக்கை என்று சொன்னேன். இருந்ததைச் சொல்வதால் தடுமாறவில்லை. ஒரு தடவை மட்டும் “வீட்டு வேலைகளை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?” என்றதும் ‘பரவாயில்லை’ தொண்டை வரை வந்தது. நிறுத்தி, மூச்சு விட்டு, “சமாளிப்பதில்லை, என் மகள் செய்கிறாள்” என்றேன். அவளுக்கு அப்போது பதினைந்து வயது. அதைச் சொன்னபோதுதான் குரல் உடைந்தது.

பிறகு நீதிபதி தொழில் நிபுணரிடம் கற்பனையாக ஓர் ஆளை விவரித்தார். இந்த வயது, இந்தப் படிப்பு, உட்கார்ந்து செய்யும் வேலை, கைகளை நாளில் மூன்றில் இரண்டு பங்கு வரை பயன்படுத்தலாம். “பழைய வேலையையே செய்யலாம்” என்றார் நிபுணர். எனக்கு வயிறு கலங்கியது. அடுத்த கேள்வி, அதே ஆள், மூன்றில் ஒரு பங்குதான் என்றால்? பழைய வேலை முடியாது, ஆனால் கண்காணிப்புத் திரையைப் பார்க்கும் வேலை மாதிரி ஒன்றிரண்டு இருக்கிறது என்றார். அவர்கள் வைத்திருக்கும் தொழில் அகராதி கடைசியாகத் திருத்தப்பட்டது 1991-இல். அதில் காலம் கடந்துபோன பல வேலைகள் உண்டு. அப்புறம் என் வக்கீல் கேட்டார்: “மாதம் மூன்று நாள் வர முடியாது என்றால்?” எந்த வேலையும் கிடையாது என்று பதில் வந்தது. எல்லாம் சேர்த்து ஐம்பது நிமிடம்.

ஏழு வாரம் கழித்து கடிதம் வந்தது. முழுக்க எனக்குச் சாதகம். இயலாமை தொடங்கியதாக ஏற்றுக்கொண்ட தேதியிலிருந்து முழுதாக ஐந்து மாதம் காத்திருப்பு, அதற்கு அப்புறம் வரவேண்டிய நிலுவை எல்லாம் கிடைத்தது. மெடிகேர் என்கிற அரசு மருத்துவக் காப்பீட்டுக்கான 24 மாதக் காத்திருப்பையும் தீர்ப்பு வந்த நாளிலிருந்து எண்ணவில்லை, உரிமை தொடங்கிய மாதத்திலிருந்து எண்ணினார்கள். அதனால் அதுவும் உடனே வந்துவிட்டது. ஊசி மருந்துச் செலவு பற்றிய கவலை அன்றைக்குத்தான் கொஞ்சம் குறைந்தது.

அம்மாவுக்குப் போன் செய்தேன். வழக்கம்போல “கை எப்படிம்மா இருக்கு?” என்றாள். “காலையில ஒன்றரை மணி நேரம் விரல் மடங்கலம்மா” என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “வெந்நீர்ல கல்லுப்பு போட்டு வெச்சுப் பாரு” என்றாள். இப்போது தினமும் எத்தனை மணி நேரம் என்று கேட்கிறாள்.

சில வருடம் கழித்து, இயலாமை இன்னும் இருக்கிறதா என்று மறுபடி ஆய்வு செய்வார்கள் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். டாக்டரிடம் போகும்போதெல்லாம் நோட்டையும் எடுத்துக்கொண்டு போகிறேன். இது மூன்றாவது நோட்டு. டைமர் லேப்டாப் பக்கத்திலேயே இருக்கிறது. இதை அதன் பக்கத்தில் உட்கார்ந்து, பத்துப் பத்து நிமிடமாக, ஒன்பது நாளில் எழுதி முடித்தேன்.