பி.பி. பார்த்துக்கிட்டா

"ஆகாது மேடம்" என்று மட்டும் சொன்னேனா, "பி.பி. பார்த்துக்கிட்டா ஆகாது மேடம்" என்று சொன்னேனா? பதினாறு வருடமாக இது எனக்குத் தெளியவில்லை. மற்றவர்களிடம் சொல்லும்போதெல்லாம் இரண்டாவதைத்தான் சொல்லியிருக்கிறேன். சொல்லிச் சொல்லி அதுவே நினைவாகிவிட்டதோ என்று ஒரு சந்தேகம்.

2010 மார்ச், இயர் எண்ட் க்ளோசிங், விற்பனை டார்கெட்டை முடித்தாக வேண்டிய நேரம். மருந்துக் கம்பெனி ரெப்பாக இருந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. என் பையில் இருந்தது சிபுட்ரமைன், எடை குறைக்கும் மருந்து. என் டெரிட்டரியில் அதை அதிகம் எழுதியவர் அந்த மகப்பேறு மருத்துவர்தான். பி.சி.ஓ.டி., அதாவது சினைப்பை நீர்க்கட்டி என்று வருகிறவர்கள், நிச்சயம் முடிந்து "கல்யாணத்துக்குள்ள பத்து கிலோ குறைக்கணும்" என்று அம்மாவோடு வருகிற பெண்கள். நான் பையைத் திறக்கும் முன்பே மேடம் கேட்டார்:

"ஏன் தம்பி, ஐரோப்பாவுல இதை நிறுத்திட்டாங்களாமே?"

ஸ்கவுட் என்ற ஆய்வில் இந்த மருந்தால் இதய ஆபத்து கூடியதாகத் தெரிந்து, ஜனவரியிலேயே நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். அதற்கான பதிலை மீட்டிங்கில் எங்களுக்கு மனப்பாடம் ஆக்கியிருந்தார்கள். ஒப்பித்தேன்.

"மேடம், ஸ்கவுட் ஸ்டடியில இருந்தவங்க 55 வயசுக்கு மேல. ஹார்ட் பிரச்சினை, இல்லாட்டி சுகர். அதுல பாதிக்கு மேல நம்ம மருந்தே கொடுக்கக்கூடாதவங்க. உங்க பேஷண்ட்ஸ் எல்லாம் இருபது, இருபத்தஞ்சு வயசுப் பொண்ணுங்க."

இதில் பொய் இல்லை. இன்று யாராவது கேட்டாலும் இதை என்னால் தைரியமாகச் சொல்ல முடியும். அடுத்த கேள்விதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

"அப்போ என் பேஷண்ட்ஸுக்கு ஒண்ணும் ஆகாதுங்கறே?"

அந்தப் பெண்களைப் பற்றி ஸ்கவுட் எதுவும் சொல்லவில்லை. நல்லதும் சொல்லவில்லை, கெட்டதும் சொல்லவில்லை. சொல்லாததை நான் நல்லதாக மொழிபெயர்த்துக் கொடுத்தேன். மேடம் சிரித்துவிட்டு மருந்துச் சீட்டு பேடை எடுத்தார். அன்றைய ரிப்போர்ட்டில் "சந்தேகம் தீர்ந்தது" என்று எழுதியது நன்றாக நினைவிருக்கிறது. பி.பி. பற்றி எழுதிய நினைவு இல்லை. ஆனால் ரிப்போர்ட்டில் அதையெல்லாம் யார் எழுதுவார்கள்?

ஒரு சொல்லுக்கு இத்தனை அலட்டலா என்று வீட்டில் கேட்கிறார்கள். இந்த மருந்தில் அந்தச் சொல்தான் எல்லாமே. மனச்சோர்வுக்கு என்று பிரிட்டனில் உருவாக்கி, அதற்கு எடுபடாமல், எடை குறைகிறது என்று தெரிந்ததும் அந்தப் பக்கம் திருப்பிவிடப்பட்ட மருந்து இது. மூளையில் நார்அட்ரினலினை ஏற்றிப் பசியை அடக்கும். கூடவே நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறும். எழுதும் மருத்துவர் பி.பி.யைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அதை நினைவூட்டுவது என் வேலையில் ஒரு பகுதி.

மேடத்தின் மேஜையில் பி.பி. கருவி எப்போதும் இருக்கும், நான் சொல்லித்தானா அவருக்குத் தெரிய வேண்டும்? இப்படியும் சமாதானம் செய்துகொண்டதுண்டு. அப்புறம் ஒன்று தோன்றும். அந்தக் கருவியைக் கர்ப்பிணிகளுக்குக் கட்டித்தான் பார்த்திருக்கிறேன். எடை குறைக்க வந்த பெண்கள் எடை மிஷினில் ஏறி இறங்கியதைப் பார்த்திருக்கிறேன், கையை நீட்டியதைப் பார்த்ததில்லை. வெயிட்டிங் ஹாலில் உட்கார்ந்திருப்பவன் எவ்வளவு பார்த்துவிட முடியும் என்பது வேறு விஷயம்.

செப்டம்பரில் ஸ்கவுட் முழுதாக வெளியானது. ஏறக்குறைய 9,800 பேர். மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை மருந்து எடுத்தவர்களில் 11.4 சதவீதம் பேருக்கு, எடுக்காதவர்களில் 10 சதவீதம் பேருக்கு. நூற்றுக்கு ஒன்றரை பேர்கூட வித்தியாசம் இல்லை என்று அன்றைக்குச் சொல்லிக்கொண்டேன். அதற்குக் கைமாறாகக் கிடைத்ததும் சில கிலோதான் என்பதைச் சொல்லிக்கொள்ளவில்லை. அக்டோபரில் அமெரிக்காவில் எடுத்துவிட்டார்கள். இந்தியாவில் தடை வந்தது 2011 பிப்ரவரியில். ஐரோப்பா நிறுத்தி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதுவரை சட்டப்படி விற்றேன், டார்கெட்டும் முடித்தேன்.

தடைக்குப் பிறகு சரக்கைத் திருப்பி எடுக்கும் விஷயமாக மேடத்திடம் போனேன். வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராகத்தான் போனேன். "அது போச்சா? சரி, வேற என்ன வச்சிருக்கே?" என்றார். பெரிய நிம்மதி. பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது: அவர் திட்டியிருந்தால், அன்று நான் என்ன சொன்னேன் என்பதாவது அவர் வாயிலிருந்து தெரிந்திருக்கும்.

இதையெல்லாம் இப்போது கிளறக் காரணம், நான் இப்போது ரெப்புகளுக்கு டிரெயினிங் எடுக்கிறேன். செமாக்ளுடைட், எடை குறைக்கும் ஊசி. இந்தியாவில் அதன் காப்புரிமை 2026 மார்ச்சில் முடிந்ததால் இனி விலைப்போட்டிதான். நியாயமாகச் சொன்னால் இது வேறு ஜாதி மருந்து. 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீத எடை குறைகிறது. செலக்ட் என்ற ஆய்வில், ஏற்கெனவே இதய நோய் இருந்த 17,604 பேரிடம் பார்த்ததில் மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் மரணம் மூன்றும் சேர்த்து 20 சதவீதம் குறைந்தது. சிபுட்ரமைன் சறுக்கிய இடத்தில் இது தேறியிருக்கிறது. ஆகவே என் பழைய கதையை இதற்குப் பாடமாக வைப்பதுகூடச் சரியில்லையோ என்னவோ.

ஆனால் போன வாரம் மாதிரிப் பேச்சு நடத்தும்போது, நான் டாக்டராக உட்கார்ந்து, "24 வயசுப் பொண்ணு, கல்யாணத்துக்கு ஆறு மாசம் இருக்கு" என்றேன். பையன் யோசிக்கவே இல்லை. "தாராளமா கொடுக்கலாம் டாக்டர், ஹார்ட்டுக்கும் நல்லது."

"செலக்ட்ல யாரு தம்பி இருந்தா?"

"45 வயசுக்கு மேல, ஹார்ட் பேஷண்ட்ஸ்." அவனுக்குத் தெரிந்திருக்கிறது. "பொய் இல்லையே சார்."

நான் சொன்ன அதே கணக்குதான், திருப்பிப் போட்டது. கொஞ்சம் கடுமையாகவே திருத்தினேன். அவன் முகம் சுருங்கியது. பக்கத்தில் இருந்த பெண் கையைத் தூக்கினாள்.

"சார், கல்யாணம் முடிஞ்சு ஊசியை நிறுத்தினா எடை திரும்பி வருமே?"

வரும். நிறுத்தி ஒரு வருடத்தில், இறங்கியதில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி ஏறிவிட்டதாக ஆய்வே இருக்கிறது. "டாக்டர் கேட்டா மறைக்காம சொல்லணும்" என்றேன். சொல்லும்போது எனக்கே பெருமையாக இருந்தது.

"கேட்கலேன்னா சார்?"

டீ வந்துவிட்டது, குடித்துவிட்டு வாருங்கள் என்றேன். டீக்கு அப்புறம் விலைப்பட்டியல் செஷன்.